வரம்பே வேட்டையின் அறம்

அக்டோபர்த் திங்கள் பிறந்துவிட்டால், வட அமெரிக்காவின் கிழக்கே நீண்டு கிடக்கும் அப்பலேச்சிய மலைக்காடுகளில் கருங்கரடிக்கு ஓய்வு குறைந்துவிடும். ஓக் மரங்கள் உதிர்க்கும் கொட்டைகளையும் காட்டுப் பழங்களையும் பொழுதெல்லாம் தேடித் தின்று, நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை உடலில் சேர்த்துக்கொள்ளும். வரப்போகும் பனிக்காலத்தில் பல திங்கள் அது உண்ணாது, பருகாது, கழிவும் வெளியேற்றாது. இன்று சேர்க்கும் கொழுப்புதான் அன்று அதன் உயிரைத் தாங்கும். அதே வேளையில் பென்சில்வேனியா மாநிலத்து வேட்டைக்காரர்களும் தோளில் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டு காடேறுகிறார்கள். குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி அது. அத்தகைய துப்பாக்கிக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்ட அக்டோபர்க் கரடிப் பருவத்தை அம்மாநில வேட்டை ஆணையம் 2019-ஆம் ஆண்டில் மாநிலம் முழுமைக்கும் விரித்தது.

முன்னோர் ஏந்திய கருவியைக் கையில் ஏந்தி, முன்னோர் நடந்த காட்டில் நடப்பதாகச் சொல்லி மகிழ்வோர் பலர். அம்மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஓர் உயிரைக் கொல்லும் உரிமையை அரசு தன் குடிமகனுக்கு வழங்கும்போது, அவ்வுரிமை எதனை அடிப்படையாகக் கொண்டது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. பழைய துப்பாக்கிக்குத் தனிப்பருவம் ஏன் கொடுக்கப்பட்டது? அது வேட்டைக்காரனுக்கு விதிக்கும் வரம்பின் பொருட்டே கொடுக்கப்பட்டது. அவ்வரம்பு காக்கப்படும் வரையில்தான் அப்பருவத்துக்கு நியாயம் உண்டு. வரம்பைக் களைந்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும் வேட்டையை எந்த மரபும் காப்பாற்றாது. இதுவே நம் கருத்து.

முதலில் கரடியின் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கருங்கரடி இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் இனமன்று. வட அமெரிக்கா முழுவதிலும் ஆறு முதல் ஒன்பது இலட்சம் வரை கருங்கரடிகள் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. உலகில் உள்ள மற்றக் கரடியினங்கள் அனைத்தையும் கூட்டினாலும் இத்தொகைக்கு ஈடாகாது. பென்சில்வேனியாவின் வரலாறு இன்னும் பாடமானது. காடுகளை வெட்டிச் சாய்த்த பத்தொன்பதாம் நூற்றாண்டு கரடியையும் சேர்த்தே அழித்தது. 1905-இல் அம்மாநிலம் கரடியைச் சட்டக் காப்புக்குரிய வேட்டை விலங்காக அறிவித்தது. தொகை குறைந்தபோது 1970, 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் கரடி வேட்டையையே நிறுத்தி வைத்தது. 1970-களில் நாலாயிரம் அளவில் இருந்த கரடிகள் பின்னர் பதினைந்தாயிரத்தைக் கடந்து பெருகின. 2019-இல் வேட்டையாடப்பட்ட 4,653 கரடிகள், அதுவரை அம்மாநிலம் கண்டிராத எண்ணிக்கை. ஒரு காலத்தில் அங்கே உயிரோடு இருந்த கரடிகளைவிட அதிகமானவை ஒரே ஆண்டில் சுடப்பட்டன என்றால், இடையில் நிகழ்ந்த மீட்சி எத்தகையது என்பது விளங்கும்.

ஆகவே வேட்டை என்றாலே அழிவு என்று முழங்குவது உண்மைக்கு மாறானது. அம்மீட்சியில் வேட்டைக்காரர்களுக்கும் பங்குண்டு. 1937-இல் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் 11 விழுக்காடு வரி விதித்து, அவ்வருவாயைக் காட்டுயிர்ப் பணிக்கென்றே மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. காடுகள் வாங்கப்பட்டதும் ஆய்வுகள் நடந்ததும் பெரும்பாலும் இப்பணத்தால்தான். அதை மறுப்பது நன்றியின்மை. ஆனால் வரி செலுத்தியவன் விலங்குக்கு உடைமையாளன் ஆகிவிடுவதில்லை. எண்ணிக்கை போதிய அளவில் இருக்கிறது என்பது, கொல்லலாமா என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை மட்டுமே. எவ்வாறு கொல்வது, எப்போது கொல்வது, எவன் கையால் கொல்வது என்ற கேள்விகள் அதற்குப் பின்னும் எஞ்சி நிற்கின்றன.

அக்கேள்விகளைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதைப் புளோரிடா 2015-இல் காட்டியது. 21 ஆண்டுகளுக்குப் பின் அங்கே கரடி வேட்டை திறக்கப்பட்டது. 3,700-க்கும் மேற்பட்டோர் உரிமம் பெற்றுக் காட்டினுள் இறங்கினர். 320 கரடிகள் என வரம்பு வைத்து ஒரு வாரத்துக்குத் திட்டமிட்ட வேட்டையை இரண்டே நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குள் 304 கரடிகள் மாண்டிருந்தன. பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்க்கரடிகளும் அவற்றில் இருந்தன. தொகையளவில் அவ்வேட்டை வரம்புக்குள் முடிந்தது. ஆயினும் அம்மாநில மக்களின் மனச்சான்றை அது உறுத்தியது. அடுத்த பத்தாண்டுக் காலம் அங்கே கரடி வேட்டை நடைபெறவில்லை. கணக்குச் சரியாக இருந்தும் நடத்தை தவறிப்போகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய செருமானியக் கொல்லர்கள், தம் நாட்டின் குட்டையான வரித்துப்பாக்கியை நீட்டி, குழலைச் சிறுத்து, காட்டு வாழ்வுக்கு ஏற்ற நெடுந்துப்பாக்கியாக வடித்தெடுத்தனர். அடுத்த நூற்றாண்டில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் உடன்பிறந்தார், மேற்கு மலைகளுக்குச் செல்வோர்க்காகக் குட்டையும் உறுதியும் கொண்ட பெருங்குழல் துப்பாக்கியைச் செய்தனர். இன்று பழமரபு வேட்டையை மேற்கொள்வோர் ஏந்துவன பெரும்பாலும் இவற்றின் படிகளே. இக்கலையைப் பேணுவதற்கென 1933-இல் தோன்றிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் இன்றும் இயங்கி வருகிறது.

இத்துப்பாக்கியைக் கெட்டிப்பதை அருகில் நின்று பார்த்தால்தான் அது விதிக்கும் வரம்பு புலப்படும். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் முக்காற்பங்கு, ஏறத்தாழ பத்தில் ஒன்றரைப் பங்கு, பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் கலந்த கரிமருந்தை, மாட்டுக்கொம்புக் குப்பியிலிருந்து அளவைக் குழாயில் சரித்து, அதிலிருந்து குழலுக்குள் கொட்ட வேண்டும். கொழுப்புத் தடவிய துணித்துண்டைக் குழல்வாயில் விரித்து, அதன்மேல் ஈயக்குண்டை வைத்து அழுத்தி, சலாகையால் சீராகத் தள்ளி மருந்தின்மேல் உட்காரச் செய்ய வேண்டும். இடையில் வெற்றிடம் விட்டால் குழலே வெடிக்கக்கூடும். ஆகையால் சலாகையில் கீறி வைத்த அடையாளம் குழல்வாயோடு ஒத்து நிற்கிறதா என்று பார்த்தே கையை எடுப்பார்கள். பிறகு பற்றுவாயின் அருகில் உள்ள சிறு கிண்ணத்தில் இரஞ்சகம் என்னும் தீமூட்டு மருந்தை இட்டு, இரும்பு மூடியைச் சாய்த்து, குதிரையைப் பின்னிழுத்து நிறுத்த வேண்டும். விசையை அழுத்தினால் குதிரையின் வாயில் கவ்விய சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும். பொறி இரஞ்சகத்தில் விழும். தீ பற்றுவாய் வழியே உள்ளே பாயும். அதன் பின்னரே குண்டு புறப்படும். கண்ணுக்குத் தெரியும் ஒரு நொடிப்பொழுது அதற்கு உண்டு. அந்நொடியில் கை நடுங்காதிருக்க வேண்டும்.

மழைத்தூறல் இரஞ்சகத்தை நனைத்துவிட்டால் தீ பற்றாது. கிண்ணத்தில் மட்டும் எரிந்து அவிந்துவிடுவதும் உண்டு. சில வேளை தீ தயங்கி நின்று பின்னர் உள்ளே பாயும். அதனால் சுடாத துப்பாக்கியைக் குழல் திருப்பாமல் ஒரு நிமிடமேனும் பிடித்திருப்பது இப்பயிற்சியின் முதற்பாடம். சுட்டவுடன் வெண்புகை முன்னே திரண்டு எதிரில் நிற்பதை மறைத்துவிடும். கரடி வீழ்ந்ததா, ஓடிற்றா, எத்திசையில் ஓடிற்று என்பதைப் புகை விலகும் முன் காதால் கேட்டே அறிய வேண்டும். மறுமுறை கெட்டிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். எனவே கையில் இருப்பது ஒரே ஒரு குண்டு என்று எண்ணித்தான் இவ்வேட்டைக்காரன் காட்டுக்குள் காலடி வைக்கிறான்.

அக்குண்டுக்கும் எல்லை உண்டு. அரை அங்குலக் குழலின் உருண்டைக் குண்டு 11 கிராமுக்குச் சற்றே கூடிய எடை கொண்டது. குழலைவிட்டு விரைந்து கிளம்பினாலும், உருண்டை வடிவம் காற்றை எதிர்க்க இயலாமல் 100 கெஜம் செல்வதற்குள் வேகத்தில் பாதியை நெருங்கும் அளவுக்கு இழந்துவிடும். கரடி சிறிய விலங்கன்று. தடித்த தோல், அதன்கீழ் விரற்கடைக் கணக்கில் கொழுப்பு, அதன்கீழ் வலிய தோளெலும்பு. நெஞ்சும் நுரையீரலும் முன்னங்கால் மறைவில் அடங்கியிருக்கும். அது பக்கவாட்டில் நின்று, இப்பக்கத்து முன்னங்காலை முன்னே எடுத்து வைக்கும் தறுவாயில்தான் உயிர்நிலை திறக்கும். அதற்காகக் காத்திருக்கத் தெரிந்தவன் 50 கெஜத்துக்குள் செல்வான். அதுவும் காற்று எதிர்த்து வீச வேண்டும். நாயையும் மிஞ்சும் கரடியின் மோப்பம் மனித வாடையை எங்கிருந்தோ அறிந்துகொள்ளும். நாட்கணக்கில் நடந்து, அணுகி, நின்று, பிறகு கால் சரியாக அமையவில்லை என்பதற்காகச் சுடாமலே திரும்புவது இவ்வேட்டையில் அன்றாட நிகழ்ச்சி.

இக்கடுமையை முன்னிட்டே சட்டம் சலுகை தந்தது. தொலைநோக்கி பொருத்திய நவீனத் துப்பாக்கியோடு போட்டியிட இயலாதவனுக்குக் காடு அமைதியாக இருக்கும் வேளையில் சில நாட்கள் ஒதுக்குவோம், அவன் கொல்வது குறைவாகவே இருக்கும், அவன் கற்பது மிகுதியாக இருக்கும் என்பது அச்சலுகையின் உட்கருத்து. பென்சில்வேனியா 1974-இல் மானுக்கெனத் திறந்த குளிர்காலப் பருவத்தில், சிக்கிமுக்கிக் கல்லால் பொறியெழுப்பும் துப்பாக்கிக்கு மட்டுமே இடமளித்தது. அவ்விதி இன்றும் நிலைத்து நிற்கிறது. கொலராடோ மாநிலமும் தன் செப்டம்பர்ப் பருவத்தில் தூளாகக் கொட்டும் மருந்தை மட்டும் ஏற்று, வில்லையாக வார்த்த மருந்தையும் குண்டைப் பொதிந்து செலுத்தும் நெகிழிக் கவசத்தையும் விலக்கி, பெரிதாக்கிக் காட்டாத திறந்த குறிமுனையையே வேண்டுகிறது.

ஆனால் கரடிக்கான அக்டோபர்ப் பருவத்தில் பென்சில்வேனியாவே தன் மரபைத் தளர்த்திவிட்டது. 1985-இல் சந்தைக்கு வந்த நைட் எம்.கே.-85 துப்பாக்கி, தீமூட்டும் அமைப்பைக் குழலின் நேர் பின்புறத்தில் வைத்து, வாய்வழித் துப்பாக்கியின் இயல்பையே மாற்றியது. அதன் வழிவந்த துப்பாக்கிகளில் மருந்தை அளக்க வேண்டியதில்லை. வில்லைகளை உள்ளே இட்டால் போதும். இரஞ்சகம் நனையும் அச்சமில்லை. கூர்முனைக் குண்டும் தொலைநோக்கியும் சேர்ந்து 200 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் விலங்கையும் எட்டுகின்றன. குழலின் வாய்வழியே கெட்டிப்பது ஒன்றைத் தவிர, பழந்துப்பாக்கியின் எந்த வரம்பும் அவற்றில் இல்லை. இவற்றையும் அக்டோபர்ப் பருவத்தில் சட்டம் அனுமதிக்கிறது. மானுக்கு ஒரு நேர்மை, கரடிக்கு ஒரு நேர்மையா? வரம்புக்காகக் கொடுத்த சலுகையை வரம்பற்றவனும் துய்க்கிறான் என்றால், அச்சலுகைக்குரிய நியாயம் எங்கே நிற்கிறது?

இவ்விடத்தில் எதிர்த்தரப்பு முன்வைக்கும் வாதம் வலிமையானது. அதை நாம் நேர்நின்று சந்திக்கவே வேண்டும். பழந்துப்பாக்கி விலங்கைக் கொல்வதைவிடக் காயப்படுத்துவதே மிகுதி, வேட்டைக்காரனின் மரபுப் பற்றுக்காகக் கரடி ஏன் வதைபட வேண்டும், விரைந்து கொல்லும் நவீனக் கருவியல்லவா கருணைக்கு நெருக்கமானது என்று அவர்கள் கேட்கின்றனர். இதில் உண்மை உண்டு. காயமுற்ற கரடியைத் தேடுவது மற்ற விலங்குகளைத் தேடுவது போன்றதன்று. தோலடிக் கொழுப்பு துளையை அடைத்துக்கொள்ளும். அடர்மயிர் குருதியை உறிஞ்சிக்கொள்ளும். நிலத்தில் சிந்தும் துளி அருகிப்போவதால் தடம் சில அடிகளிலேயே மறைந்துவிடும். இருள் கவிந்த புதருக்குள் எங்கோ கிடந்து அது துன்புறும்போது, சுட்டவன் வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பான். இதைவிட இழிந்த முடிவு வேட்டையில் இல்லை.

ஆனால் இக்குற்றத்தின் வேர் சுடும் தொலைவில்தான் இருக்கிறது. 40 கெஜத்தில், பக்கம் திரும்பி நிற்கும் கரடியின் நுரையீரலில் பாயும் ஈயக்குண்டு சில நொடிகளில் அதை வீழ்த்தும்; இருநூறு ஆண்டுகளாக அது அறியப்பட்ட செய்தி. அதே குண்டை 120 கெஜத்திலிருந்து ஏவுபவன்தான் கரடியை வதைக்கிறான். நவீனத் துப்பாக்கி ஏந்தியவனும் 300 கெஜத்திலிருந்து குறி தவறச் சுட்டால் அதே வதையையே செய்கிறான். கருவி எட்டும் தொலைவுக்கெல்லாம் கைநீட்டுவதே மனித இயல்பாக இருக்கும்போது, எட்டாத கருவியைத் தேர்ந்து அதன் எல்லைக்குள் தன்னை நிறுத்திக்கொள்பவன் மதிப்புக்குரியவன். ஆக, பழந்துப்பாக்கியின் வரம்பு இரு பாதி கொண்டது. ஒரு பாதியைக் கருவியும் சட்டமும் விதிக்கின்றன. மறுபாதியை வேட்டைக்காரன் தானே விதித்துக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றது பயனற்றுப்போகும்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருங்கரடி வேனிலின் தொடக்கத்தில் கூடும். ஆயினும் கரு உடனே கருப்பையில் ஊன்றுவதில்லை; இலையுதிர் காலம் முடியும்வரை மிதந்தே காத்திருக்கும். தாயின் உடலில் போதிய கொழுப்புச் சேர்ந்திருந்தால்தான் நவம்பர் அளவில் அது ஊன்றும். சனவரியில் கால் கிலோ எடையுள்ள குட்டிகள் குகைக்குள் பிறக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறையே ஒரு பெண்கரடி ஈனுகிறது. சினையுற்ற பெண்கரடிகளே மற்றவற்றுக்கு முன்னதாகக் குகை புகுகின்றன. பென்சில்வேனியாவில் கரடி வேட்டை நெடுங்காலம் நவம்பர் இறுதியில் நடந்ததால், அப்பெண்கரடிகள் பலவும் துப்பாக்கி வெடிக்கும் முன்பே மண்ணுக்குள் அடங்கியிருந்தன. இயற்கையே அவற்றுக்குக் காப்பளித்தது. அக்டோபரில் அக்காப்பு இல்லை. தொகையைக் குறைக்க வேண்டிய தேவை உண்மையாக இருக்கும் ஆண்டுகளில் ஆணையம் அவ்வாறு முடிவெடுக்கலாம். ஆனால் அம்முடிவை அதன் உண்மைப் பெயரால் அறிவிக்க வேண்டும். பெண்கரடிகளைக் குறைக்கும் திட்டத்துக்கு மரபு வேட்டை என்று பெயர் சூட்டுவது முறையன்று. நியூ ஜெர்சி 2022-இல் வேட்டையை மீண்டும் திறந்தபோது, 75 பவுண்டுக்குக் குறைந்த குட்டியையும் அத்தகைய குட்டியோடு திரியும் கரடியையும் சுடலாகாது என்று விதித்தது. அருகில் சென்று, உற்றுநோக்கி, பிறகு முடிவு செய்பவனுக்கே அவ்விதி கைகூடும். நெருக்கத்தை வேண்டும் பழந்துப்பாக்கிக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது.

மரபு என்ற சொல்லைப் பலரும் எளிதாக ஆள்கின்றனர். அம்மரபின் முழுமையையும் அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். டென்னசி மாநிலத்து வேட்டைக்காரர் டேவிட் கிராக்கெட் 1834-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், ஓராண்டுக்குள் 105 கரடிகளைக் கொன்றதாகப் பெருமிதத்தோடு குறித்திருக்கிறார். அவர் கையில் இருந்ததும் வாய்வழித் துப்பாக்கியே. கோடரியும் அத்துப்பாக்கியும் சேர்ந்தே கிழக்குக் காடுகளில் கரடியை வேரறுத்தன. ஆகவே பழமை தன்னளவில் தூய்மை ஆகிவிடாது. லூசியானாவின் கரடிகள் இதற்குச் சான்று. ஆற்றுச் சமவெளிக் காடுகள் அழிந்து, கரடிகள் அருகி, 1992-இல் அவை கூட்டரசின் காப்புப் பட்டியலில் ஏறின. 24 ஆண்டுகள் காத்து மீட்ட பின்னரே 2016-இல் பட்டியலிலிருந்து நீங்கின. 2024 டிசம்பரில் வேட்டை மீண்டும் திறந்தபோது அம்மாநிலம் அனுமதித்தது மிகச் சில கரடிகளையே. பொறுமையின் பயனை அம்மக்கள் அறிந்திருக்கிறார்கள்.

அதே நிலப்பரப்பின் பக்கத்தில், மிசிசிப்பியில், 1902 நவம்பரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் வேட்டைக்குச் சென்றார். வழிகாட்டியவர் ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்து, கரடி வேட்டையில் நாடறிந்த வல்லுநராக உயர்ந்தவர். நாய்களோடு பொருது களைத்த ஒரு கரடியைக் காலியர் மரத்தில் கட்டி வைத்துத் தலைவரைச் சுட அழைத்தார். கட்டுண்ட விலங்கைச் சுடுவது வேட்டையாகாது என்று ரூசவெல்ட் மறுத்தார். ஆனால் காயமுற்ற அதன் வேதனையை முடித்துவிடுமாறு கட்டளையிட்டார். உலகெங்கும் குழந்தைகள் அணைத்துக்கொள்ளும் கரடி பொம்மைக்கு அவர் பெயர் வந்தது அந்நிகழ்ச்சியால்தான். அதில் அடங்கிய இரு கடமைகளையும் நாம் சேர்த்தே எண்ண வேண்டும்: நேர்மையற்ற வாய்ப்பை மறுப்பது ஒன்று, தொடங்கிய வேதனையை விட்டுச் செல்லாதிருப்பது மற்றொன்று.

இன்னும் தொன்மையான மரபு ஒன்று அம்மண்ணில் உண்டு. கரடியை வேட்டையாடி உண்ட கிரீ மக்கள், அதன் மண்டையோட்டை நாய்கள் தீண்டாதபடி மரத்தில் உயர்த்திக் கட்டினர். கரடிகள் ஒரு காலத்தில் தம் குலத்தைச் சேர்ந்த மனிதராக இருந்தவை என்று செரோக்கி மக்கள் கதை சொல்லினர். வடதிசை நாடுகள் பலவற்றிலும் கரடிக்குச் செய்யப்பட்ட சடங்குகளைத் தொகுத்து, மானிடவியலறிஞர் இர்விங் ஹாலோவெல் 1926-இல் விரிவாக எழுதினார். கொன்ற உயிருக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக அம்மக்கள் நம்பினர். மரபைக் காப்பதாகச் சொல்வோர் எடுத்துக்கொள்ள வேண்டிய மரபு இதுவே. துப்பாக்கியின் வடிவத்தை எடுத்துக்கொண்டு அக்கடனை விட்டுவிடுவது, பாதி மரபைக்கூடக் காப்பதாகாது.

இரை வைத்துச் சுடும் பழக்கம் இந்தக் கடனுணர்வுக்கு மாறானது. மேய்ன் மாநிலத்தில் சுடப்படும் கரடிகளில் பெரும்பாலானவை இரைக்கு வந்தவையே. அப்பழக்கத்தை ஒழிக்க 2004-இலும் 2014-இலும் நடந்த வாக்கெடுப்புகளில் அம்மக்கள் அதைக் கைவிட மறுத்தனர். கொலராடோவோ 1992-இல், பத்தில் ஏழு பேர் அளவிலான வாக்குகளால், இரையையும் வேட்டை நாய்களையும் வசந்தகால வேட்டையையும் ஒருசேர விலக்கியது. இரை வைத்தால் கரடி அருகில் வரும், நிதானமாகப் பார்த்துக் குட்டியுள்ள தாயைத் தவிர்க்கலாம் என்று மேய்ன் வேட்டைக்காரர்கள் கூறுவதை நாம் அறிவோம். அடர்ந்த காட்டில் அது பொருளற்ற வாதமும் அன்று. ஆயினும் மனிதன் வைக்கும் இனிப்பைத் தின்னப் பழகிய கரடி, பின்னர் மனிதனின் குப்பைத் தொட்டிக்கும் வரும், வந்ததற்காகவே கொல்லப்படும். நெருக்கம் என்பது வேட்டைக்காரன் தன் கால்களாலும் பொறுமையாலும் ஈட்ட வேண்டியது. பென்சில்வேனியா இரையையும் நாய்களையும் கரடி வேட்டையில் தடுத்து வைத்திருப்பது பாராட்டத்தக்கது; மற்ற மாநிலங்கள் அதைப் பின்பற்றட்டும்.

தமிழ் வாசகர் இவற்றைப் படிக்கும்போது ஒன்றை மறத்தலாகாது. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியை நாம் நாட்டுத் துப்பாக்கி என்ற பெயரில் நன்கு அறிவோம். நம் மலைகளில் வாழும் கரடி வேறு இனம், தொகையில் அருகியது, 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதன்மீது எந்தத் துப்பாக்கியும் நீளுதல் கூடாது. அமெரிக்கக் காட்டின் மிகுதியை முன்னிறுத்தி நம் காட்டின் வறுமைக்கு நீதி பேச எவரும் முயல வேண்டா.

பென்சில்வேனியாவின் வேட்டைக்காரன் தான் சுட்ட கரடியை 24 மணி நேரத்துக்குள் சோதனை நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. அங்கே அலுவலர் எடை போடுவார். காதில் முன்பே பூட்டிய அடையாளத் தகடு உண்டா என்று பார்ப்பார். சிறு பல் ஒன்றைப் பிடுங்கி எடுப்பார். பல்லின் வேரைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல் கரடியின் வயது வரியாகத் தெரியும். தகடு பூட்டிய கரடிகளில் எத்தனை திரும்பி வருகின்றன என்பதைக் கொண்டே மாநிலத்தின் கரடித் தொகை மதிப்பிடப்படுகிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் வீழ்ந்த கரடி மட்டுமே அந்நிலையத்துக்கு வருகிறது. சுடப்பட்டுத் தப்பிய கரடி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எழுதப்படாத அக்கணக்கில்தான் இவ்வேட்டையின் நேர்மை முழுவதும் அடங்கியிருக்கிறது.

எனவே நாம் வற்புறுத்துவன இவை. பழந்துப்பாக்கியின் பெயரால் திறக்கப்படும் எந்தக் கரடிப் பருவத்திலும் சிக்கிமுக்கிக் கல்லோ குதிரை மோதி வெடிக்கும் பழைய வகைத் தொப்பி வெடியோ கொண்ட துப்பாக்கியும், தூளாகக் கொட்டும் மருந்தும், திறந்த குறிமுனையும் மட்டுமே இடம்பெற வேண்டும். நவீன வாய்வழித் துப்பாக்கியை விரும்புவோர் மற்றத் துப்பாக்கிகளுக்குரிய பொதுப்பருவத்தில் கலந்துகொள்ளட்டும். இரண்டாவது, அப்பருவத்தில் உரிமம் கேட்பவன் தன் துப்பாக்கியோடு வந்து, 50 கெஜத்தில் ஒரு சாண் அளவு வட்டத்துக்குள் தொடர்ந்து குண்டு சேர்க்க வல்லவன் என்பதை நேரில் காட்ட வேண்டும். மூன்றாவது, காயப்படுத்திய கரடியும் கொன்ற கரடியாகவே கருதப்பட வேண்டும். அலாஸ்காவின் தென்கிழக்குப் பகுதியில் அத்தகைய விதி நடைமுறையில் உள்ளது. குருதி சிந்த வைத்தவனின் உரிமை அதோடு முடிந்துவிடுகிறது. நான்காவது, சினைக்கரடிகள் குகை புகும் காலத்தை ஒட்டியே பருவம் அமைய வேண்டும். தொகையைக் குறைக்கும் நோக்கம் இருந்தால் அது வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும்.

கொன்றதைப் பயன்கொள்வதும் இக்கடமையின் பகுதியே. கரடி இறைச்சியில் திரிக்கினெல்லா என்னும் புழு இருக்கக்கூடும். அதன் வடபுல இனம் உறைகுளிரிலும் சாவதில்லை. 74 பாகை செல்சியசுக்கு மேல் உள்வரை வேக வைத்தே உண்ண வேண்டும். அந்த உழைப்புக்கு அஞ்சித் தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலைக் காட்டில் எறிபவன் வேட்டைக்காரன் என்ற பெயருக்கு உரியவனல்லன். பித்தப்பைக்காகக் கரடியைக் கொல்லும் கள்ள வணிகத்தை முன்னிட்டே 1992-இல் கருங்கரடி, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவ்வணிகத்தோடு தொடர்புடைய எவனுக்கும் ஆயுட்காலம் முழுவதும் உரிமம் மறுக்கப்பட வேண்டும்.

இவ்விதிகள் கடுமையானவை என்று சிலர் முறையிடக்கூடும். கடுமை வேண்டித்தானே அவர்கள் பழந்துப்பாக்கியைத் தேர்ந்தார்கள்? எளிமை வேண்டுவோர்க்கு எளிய கருவிகள் வேறு உள. கடுமையை விரும்பி ஏற்றவனிடம் கடுமையை எதிர்பார்ப்பது அவனுக்குச் செய்யும் மரியாதையே. சுடத்தக்க தொலைவில் கரடி நின்றும், கால் மறைத்திருந்ததால், அல்லது ஒளி மங்கியிருந்ததால், அல்லது புதருக்குள் குட்டியின் அசைவு கேட்டதால் குதிரையைத் தணித்துக்கொண்டவர்கள் அக்காடுகளில் பலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தப் புள்ளிவிவரமும் பேசாது. இவ்வேட்டை நாளையும் நிலைக்க வேண்டுமாயின், அது நிலைக்கத் தகுந்தது என்று மெய்ப்பிப்பவர்கள் அவர்களே. சட்டம் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும். அவர்களுக்குரிய பருவத்தை மற்றவர் கவர்ந்துகொள்ள இடம் கொடுத்தலாகாது.